மணலில் ரோவர் சிக்கினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

ரோவர் மணலில் நின்றுவிட்டால் எல்லாருடைய கையும் முதலில் போவது வேகத்தைக் கூட்டும் பக்கம்தான். "மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் பவர் குடுத்தா ஏறிடும்" என்று அணியில் ஒருவராவது சொல்வார். ஏறாது. பொலபொலவென்ற மண்ணில் வெறுமனே சுற்றும் சக்கரம், தன் அடியில் இருக்கும் மண்ணை வாரிப் பின்னால் தள்ளுகிறது. காலியான இடத்தில் தானே இறங்குகிறது. இறங்கியதும் முன்னால் முட்டும் மண் கூடுகிறது. அதைத் தள்ள அதிக இழுவிசை வேண்டும், அதனால் இன்னும் நழுவுகிறது, இன்னும் இறங்குகிறது. நழுவல் புதைய வைக்கும், புதைதல் நழுவ வைக்கும். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: சக்கரத்தை நிறுத்துங்கள்.

போட்டிகளுக்காக 20 முதல் 40 கிலோ எடையில் ஆறு சக்கர ரோவர் கட்டும் கல்லூரி அணிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்கள் மட்டும் செவ்வாயிலிருந்தும் நிலவிலிருந்தும் வரும். அங்கே சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்கு இருக்கிறது.

எதற்கும் முன்னால்: நழுவல் எவ்வளவு?

20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 63 செ.மீ. பத்துச் சுற்று சுற்றினால் வண்டி 6.3 மீட்டர் போயிருக்க வேண்டும். டேப் பிடித்துப் பார்த்தால் 4.4 மீட்டர்தான் என்றால் நழுவல் 30 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், என்கோடருக்கு இது தெரியாது. சக்கரம் சுற்றியதை மட்டும்தான் அது சொல்லும். வண்டி நகர்ந்ததை வேறொன்று சொல்ல வேண்டும். 1970இல் நிலவில் இறங்கிய சோவியத் லூனகோட்-1 வண்டிக்கு ஓடுவதற்கு எட்டுச் சக்கரம். அது போக மோட்டார் இல்லாமல் சும்மா உருண்டு வரும் ஒன்பதாவது குட்டிச் சக்கரம் ஒன்றும் இருந்தது. தூரம் அளக்க அதுதான். செவ்வாயில் ஓடும் நாசாவின் கியூரியாசிட்டி ரோவரில் இதையே கேமராவால் செய்கிறார்கள். அதன் சக்கரங்களில் ஓர் இடத்தில் வெட்டப்பட்ட துளைகள் மணலில் மோர்ஸ் குறியீடாகப் பதிந்துகொண்டே போகும் (எழுத்துகள் ஜே, பி, எல்; அதைக் கட்டிய நாசா ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கம்). அடையாளமே இல்லாத வெறும் மணலில்கூட, அந்தப் பதிவுகளைப் படமெடுத்து எவ்வளவு நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கலாம்.

உங்களிடம் இரண்டும் இல்லையா? சக்கரத் தடத்தைப் பாருங்கள். சக்கரப் பற்கள் 4 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் பதிந்த கோடுகளுக்கு நடுவேயும் ஸ்கேலில் 4 செ.மீ. வந்தால் நழுவல் இல்லை. 2.8 வந்தால் 30 சதவீதம், 2 வந்தால் பாதிக்குப் பாதி. கோடுகளே தெரியாமல் தடம் முழுக்க வழித்துவிட்டதுபோல் இருந்தால் அளக்கவே வேண்டாம், அடுத்த அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

20 சதவீதம் வரை நான் கவலைப்படுவதில்லை. மண் கொஞ்சமாவது நகர்ந்தால்தான் இழுவிசையே பிறக்கும். 20க்கும் 40க்கும் நடுவே வேகத்தைக் குறைத்து, போகும் வழியை யோசிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் யாரையும் கேட்காமல் வண்டி தானே நிற்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள். இவை சட்டம் இல்லை, பழகிய எல்லைகள். உங்கள் மண்ணுக்குக் கொஞ்சம் மாறும்.

அறிகுறி: நகர்கிறது, ஆனால் போக வேண்டிய தூரம் போகவில்லை

சக்கரம் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இறங்கியிருக்கிறது, மோட்டார் கரன்ட் வழக்கத்தைவிடச் சற்று அதிகம், நழுவல் 30, 40 என்று வருகிறது. இது ஓட்டுபவரின் தவறு இல்லை; சக்கரமோ எடையோ சரியில்லை.

எடையை முதலில் பாருங்கள். ஒரு சக்கரத்துக்குக் கீழே டிஜிட்டல் எடை மிஷின், மற்ற ஐந்துக்கும் கீழே அதே உயரத்துக்குப் பலகைத் துண்டு. இப்படி ஆறு சக்கரத்தையும் மாற்றி மாற்றி நிறுங்கள். 30 கிலோ வண்டி என்றால் ஒவ்வொன்றும் 5 கிலோவை ஒட்டி வர வேண்டும். பின்சக்கரங்களில் 8, முன்சக்கரங்களில் 3 என்று வந்தால் பேட்டரி தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் இதுதான் கோளாறு. பேட்டரியை நகர்த்துவது அரை மணி நேர வேலை, சக்கரத்தை மாற்றுவது அரை மாத வேலை.

எடை சரியாக இருந்தால் அடுத்து மண்ணின்மேல் விழும் அழுத்தம். 5 கிலோ தாங்கும் சக்கரம் 8 செ.மீ. அகலமும் 6 செ.மீ. நீளமுமாக மண்ணைத் தொட்டால் அழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல். தொடும் பரப்பைக் கூட்டினால் இது குறையும். அதை அகலத்தில் கூட்டுவதா, விட்டத்தில் கூட்டுவதா? முடிந்தவரை விட்டத்தில். அகலமான சக்கரம் தன் முகத்தின் முழு அகலத்துக்கும் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உயரமான சக்கரத்துக்கு அதே பரப்பு நீளவாக்கில் கிடைக்கிறது, முன்னால் முட்டும் மண் குறைவு. செவ்வாயில் இருக்கும் இன்னொரு நாசா வண்டியான பெர்சிவியரன்ஸ் ரோவரின் சக்கரம் கியூரியாசிட்டியுடையதைவிட விட்டத்தில் சற்றுப் பெரியது, அகலத்தில் குறைந்தது.

அப்புறம் பற்கள். கியூரியாசிட்டிக்கு வளைந்து நெளிந்த 24 பற்கள், பெர்சிவியரன்சுக்கு லேசாக வளைந்த 48. கூர்மையான பாறைகளில் கிழியாமல் இருப்பதும் அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம், ஆனால் மணலில் பற்களின் எண்ணிக்கைக்குத் தனி வேலை உண்டு. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த மணல் தொட்டியில் சக்கரத்தைக் கண்ணாடியை ஒட்டி மெதுவாக ஓட்டி, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணல் மணிகளை மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். மணல் விட்டு விட்டு முன்பக்கம் பிதுங்கினால், ஒரு பல் இறங்கியதற்கும் அடுத்த பல் இறங்குவதற்கும் நடுவில் வெறும் விளிம்பு மண்ணைத் தள்ளுகிறது என்று பொருள். பற்களை நெருக்கி வையுங்கள். மணல் முன்னால் அசையாமல் நின்று, அடியிலும் பின்னாலும் மட்டும் நகர்ந்தால் எண்ணிக்கை போதும். அதற்குமேல் பல் சேர்ப்பது எடை சேர்ப்பதுதான்.

அறிகுறி: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவே இல்லை, அச்சு வரை இறங்கிவிட்டது

2005 ஏப்ரல் 26 அன்று செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ரோவர் 90 மீட்டர் ஓட வேண்டியிருந்தது. சுமார் 40 மீட்டரில் ஒரு தாழ்வான மணல் அலையில் ஏறி நின்றுவிட்டது. நின்றது அதற்குத் தெரியாது. மிச்சம் 50 மீட்டருக்கும் சக்கரங்கள் சொன்ன சொல் தட்டாமல் சுற்றின. மறுநாள் படம் வந்தபோது ஆறு சக்கரமும் ஆழப் புதைந்திருந்தன. பர்கடரி என்று பேர் வைக்கப்பட்ட அந்த மேட்டிலிருந்து வெளியே வந்தது ஜூன் 4 அன்று. அவசரப்படாமல் பூமியில் ஜே.பி.எல். ஆய்வகத்தில் மணலும் மாவு போன்ற பொடிகளும் கலந்து, அதில் ஒரு சோதனை வண்டியைப் புதைத்து, எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டளை அனுப்பினார்கள்.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய வரிசை இது:

1. எல்லாச் சக்கரங்களையும் நேராக்குங்கள். திரும்பிய சக்கரம் தன் பள்ளத்தின் சுவரையே தோண்டும்.
2. வந்த வழியே பின்னோக்கி. அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது, வண்டியைத் தாங்கியும் இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.
3. ஆறு மோட்டாருக்கும் ஒரே மெதுவான வேகம். தலா இரண்டு, மூன்று சுற்று. பிறகு நிறுத்துங்கள்.
4. ஒவ்வொரு முறையும் மூன்றை அளந்து எழுதுங்கள்: வண்டியின் உடல் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு இறங்கியது, எவ்வளவு சாய்ந்தது.

நான்காவதுதான் உயிர்நாடி. 60 சதவீதத்தில் நிறுத்து என்று மேலே சொன்னேன். அது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு. வெளியேறும் வண்டிக்கு அந்த எல்லை பொருந்தாது. ஆப்பர்சூனிட்டி சுமார் ஒரு மீட்டர் நகர, சக்கரங்கள் 170 மீட்டருக்கும் மேல் சுற்ற வேண்டியிருந்தது. நழுவல் 99 சதவீதத்துக்கும் அதிகம். அப்படியும் வெளியே வந்தது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டராவது பின்னால் வந்தது, உடல் மேலும் இறங்கவில்லை. நகர்வு துளியாக இருந்தாலும் தொடர்ந்து வருகிறதா, தொடருங்கள். நகர்வே இல்லாமல் உடல் மட்டும் இறங்குகிறதா, உடனே விடுங்கள். அடுத்த சுற்று அடித்தட்டை மண்ணில் உட்கார வைத்துவிடும்.

இது பலிக்காவிட்டால், சஸ்பென்ஷனில் தனி மோட்டார் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு வழி உண்டு. சில சக்கரங்களை ஊன்றி நிறுத்திவிட்டு மற்றவற்றை முன்னே தள்ளுவது, பிறகு மாற்றுவது, அதாவது சக்கரத்தாலேயே நடப்பது. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவரை இந்த நடை வரும்படிதான் கட்டியிருக்கிறார்கள். சாதாரண ராக்கர்-போகி (மோட்டார் இல்லாமல், நெம்புகோல் போன்ற கைகளால் சக்கரங்களை இணைக்கும் சஸ்பென்ஷன்) வைத்த வண்டியில் இதை முயல வேண்டாம்.

பர்கடரிக்குப் பிறகு ஓட்டும் முறையும் மாறியது. சந்தேகமான தரையில் இடையிடையே கேமராவால் நழுவலைச் சோதித்து, எல்லை மீறினால் வண்டி தானே நிற்கும் ஏற்பாடு வந்தது. உங்கள் நிரலில் ஒரே ஒரு பாதுகாப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் இறங்கி, வண்டி சாய்ந்துகொண்டே போகிறது

மேலே கெட்டியான ஏடு, கீழே பொடி. இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். 2009 வசந்தத்தில் ஆப்பர்சூனிட்டியின் இரட்டையான ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் சிக்கியது இப்படித்தான். குசேவ் பள்ளத்தில் ஹோம் பிளேட் என்ற மேட்டின் ஓரமாகப் போகும்போது இடப்பக்கச் சக்கரங்கள் மேலோட்டை உடைத்துக்கொண்டு, சல்பேட் நிறைந்த பொடிமண்ணில் இறங்கின. அதன் வலது முன்சக்கரம் 2006லேயே நின்றுபோயிருந்தது. செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஐந்தில் ஓடிய வண்டி அது. மாதக்கணக்கான சோதனைக்குப் பிறகு நவம்பரில் வெளியேற்றும் முயற்சி தொடங்கியது. அந்த மாதமே வலது பின்சக்கரமும் மக்கர் செய்தது. 2010 ஜனவரியில் பின்னோக்கி ஓட்டத் தொடங்கியதும் நல்ல நகர்வு வந்ததுதான் பெரிய சோகம், ஏனென்றால் அதற்குள் செவ்வாயின் குளிர்காலம் நெருங்கிவிட்டது, சூரிய ஒளி போதவில்லை. ஜனவரி 26 அன்று, இனி இது நகராத ஆய்வு நிலையம் என்று நாசா அறிவித்தது. மார்ச் 22க்குப் பிறகு ஸ்பிரிட்டிடமிருந்து தகவலே வரவில்லை.

சாய்வு அளவியில் ஒரே திசையில் தொடர்ந்து ஏற்றம் தெரிந்தால் நிறுத்துங்கள். ஒரு குச்சியைப் புதைந்த பக்கத்திலும் புதையாத பக்கத்திலும் ஒரே பலத்தில் குத்திப் பாருங்கள், கை சொல்லிவிடும். புதையாத பக்கச் சக்கரங்கள்தான் இப்போது உங்கள் சொத்து. அவற்றை நழுவவிடாதீர்கள். இறங்கிய பக்கத்துக்கு மட்டும் பவர் கொடுத்தால் வண்டி அந்தப் பள்ளத்தைச் சுற்றித் திரும்பி, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரங்களையும் உள்ளே கொண்டுபோகும். எல்லாச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில், கெட்டித் தரை இருக்கும் பக்கமாகச் சற்றே சாய்த்து, வந்த வழியில் எடுங்கள்.

அறிகுறி: நகரவில்லை, ஆனால் கரன்ட் குறைந்துவிட்டது

இதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. மகிழ வேண்டாம். மண்ணோடு மல்லுக்கட்டும் சக்கரம் கரன்ட்டை அதிகமாக இழுக்கும். கரன்ட் சட்டென்று விழுந்தால் அந்தச் சக்கரத்தின்மேல் எடையே இல்லை. ஒன்று, சஸ்பென்ஷன் எங்கோ இடித்து அது தொங்குகிறது. இல்லையென்றால் அடித்தட்டு கல்லிலோ மண்ணிலோ உட்கார்ந்து எடையைத் தாங்கிக்கொண்டது.

கையில் இருக்கும் வண்டி என்றால் குனிந்து பார்த்தால் தெரியும். ஸ்பிரிட் குழுவுக்கு அந்த வசதி இல்லை. கை முனையில் இருந்த நுண்ணோக்கிக் கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டிப் படமெடுத்தார்கள். அது சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மட்டுமே ஃபோகஸ் ஆகும், அதனால் படம் மங்கல்தான். இருந்தாலும் அடியில் ஒரு கல் இருப்பது தெரிந்தது. உங்கள் வண்டியில் மலிவான கேமரா ஒன்றை அடித்தட்டுப் பக்கம் பார்த்தபடி வைத்துவிடுங்கள்.

அடித்தட்டு உட்கார்ந்த வண்டியைச் சக்கரத்தால் மீட்க முடியாது. போட்டியில் புள்ளி போனாலும் பரவாயில்லை, கையால் தூக்குங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்சும் போகும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறி ஒன்று: ஒரே ஒரு சக்கரத்தில் கரன்ட் உச்சத்துக்குப் போய், சுற்றும் நின்றுவிட்டது. மணலைக் குறை சொல்லும் முன் சக்கரத்துக்குள் கல் இருக்கிறதா என்று பாருங்கள். 2004 டிசம்பரில் ஸ்பிரிட்டின் வலது பின்சக்கரத்துக்குள் உருளைக்கிழங்கு அளவு கல் ஒன்று மாட்டிக்கொண்டது. பக்கவாட்டில் திறந்த சக்கரம் என்றால் வலை போட்டு மூடுங்கள்.

அறிகுறி: மேட்டில் ஏறும்போது பக்கவாட்டில் வழுக்குகிறது

காய்ந்த மணல் 30 முதல் 35 டிகிரி வரை சரியாமல் நிற்கும். அதனால் 20 டிகிரி மேட்டில் வண்டி ஏறும் என்று நினைக்கிறார்கள். அந்த மேடு தன் எடையைத்தான் தாங்கி நிற்கிறது, உங்கள் சக்கரம் கிளறுவதைத் தாங்காது. சரிவு 10, 12 டிகிரியைத் தாண்டியதுமே நழுவல் கிடுகிடுவென ஏறும். எடையும் பின்சக்கரங்களுக்குப் போய்விடும்.

நேராக மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் ஏற்றவே வேண்டாம். குறுக்கே போனால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் ஒவ்வொரு மீட்டருக்கும் சில சென்டிமீட்டர் இறங்கும், தலை திசை மாறும், நீங்கள் திருத்தத் திருத்த மண் கிளறும். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் எல்லாச் சக்கரங்களையும் மேட்டுப் பக்கம் சில டிகிரி திருப்பி, நண்டு மாதிரி ஓட்டுங்கள்.

திரும்பி வருவதில் வெட்கமில்லை. 2014 பிப்ரவரியில் டிங்கோ கேப் என்ற இடத்தில் ஒரு மீட்டர் உயர மணல் மேட்டை ஏறிக் கடந்த அதே கியூரியாசிட்டி, ஆகஸ்டில் ஹிடன் வேலி என்ற மணல் பள்ளத்தாக்கில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நழுவியதும் பின்வாங்கி வெளியே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 27 அன்று நிலவில் சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் தனக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளத்தைப் பார்த்தது. இஸ்ரோ யோசிக்காமல் வண்டியைத் திருப்பி வேறு வழியில் விட்டது. 26 கிலோ வண்டி. உங்கள் வண்டியும் ஏறக்குறைய அதே எடை.

அறிகுறி: நேராக நன்றாக ஓடுகிறது, திரும்பினால் தோண்டுகிறது

சக்கரங்கள் திரும்பாமல், இரு பக்க வேக வித்தியாசத்தால் திரும்பும் வண்டிகளின் வியாதி. நின்ற இடத்தில் வட்டமடித்தால் ஆறு சக்கரமும் பக்கவாட்டில் மண்ணை வழிக்கும். மணலில் நின்று திரும்புவதை நிரலிலேயே தடை செய்யுங்கள். ஒரு மீட்டர் முன்னே போய்க்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பட்டும். நான்கு மூலைச் சக்கரங்களும் திரும்பும் வண்டி என்றால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அறிகுறி: பற்களுக்கு நடுவே மண் அப்பிக்கொள்கிறது

பற்கள் மண்ணால் நிரம்பினால் சக்கரம் வழவழ உருளையாகிவிடும். நிலவின் மறுபக்கத்தில் ஓடிய சீனாவின் யுடு-2 சக்கரங்களில் மண் கட்டிகள் ஒட்டியது படங்களில் தெரிந்தது. அங்கே ஈரமே கிடையாது. மணிகளின் கூர்மையும் நுண்மையும்தான் காரணம். நமக்குப் பெரும்பாலும் ஈரக் களிமண். இதற்கு நம்மூர் டிராக்டர்க்காரர்கள் சேற்று வயலில் கேஜ் வீல் மாட்டுவதைப் பார்த்தாலே போதும்: பட்டைகளுக்கு நடுவே திறப்பு, உள்ளே போன சேறு தானே விழும். 3டி பிரின்டில் அடித்த சக்கரம் என்றால் பற்களின் மூலைகளைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்குங்கள்.

அறிகுறி: தொட்டியில் ஓடியது, வெளியே புதைகிறது

மூன்று காரணம். முதலாவது, தொட்டி மணல் உங்கள் வண்டியாலேயே அமுங்கிவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கை அளவு ஆழத்துக்குக் கிளறி, சட்டத்தால் வழித்துச் சமப்படுத்துங்கள். இரண்டாவது முறை ஓடியபோது நழுவல் பாதியானது என்று சொல்லும் அணிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடுவில் கிளறினீர்களா?

இரண்டாவது, மணியின் வடிவம். எம்-சாண்ட் உடைத்த கல், மணிகள் முனை முனையாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஆற்று மணலும் கடற்கரை மணலும் உருண்டவை, சறுக்கும். எம்-சாண்டில் ஏறிய வண்டி கடற்கரையில் இறங்குவது இதனால்தான். நிலவில் காற்றோ நீரோ இல்லாததால் மணிகள் கூர்மையாகவே இருக்கின்றன. அதனால்தான் இஸ்ரோ நிலவு மண்ணுக்கு மாற்றாக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையை எடுத்து இடித்துப் பொடியாக்கியது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் அதே வகை. உங்கள் போட்டி எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணில் இரண்டு மூட்டை கிடைக்குமா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஈரம். காலையில் பனி இறங்கிய மணல் லேசாகப் பிடித்துக்கொள்ளும், மதியம் காய்ந்ததும் விட்டுவிடும்.

ஈர்ப்பு விசையைப் பற்றியும் கேட்பார்கள். ஜே.பி.எல். ஸ்கேர்குரோ என்றொரு வண்டி வைத்திருக்கிறது. கியூரியாசிட்டியின் எடை செவ்வாயில் எவ்வளவோ அவ்வளவு எடை பூமியில் வரும்படி, மூளையை எல்லாம் கழற்றிவிட்டு இலேசாகக் கட்டியது. அதைக் கலிஃபோர்னியாவின் டூமாண்ட் மணல்மேடுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் வண்டியின் எடையைத்தான் குறைக்க முடிந்தது, மணலின் எடையைக் குறைக்க முடியாது. செவ்வாயில் மணல் மணிகளின் எடையும் குறைவு, ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதும் குறைவு. ஆகவே பூமியில் வரும் எண் எப்போதும் கொஞ்சம் நல்லதாகவே தெரியும். கல்லூரிப் போட்டிக்கு இது தேவையில்லை. உங்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு, காய்ந்த, கிளறிய மணலில் வரும் நழுவல்தான் கணக்கு. அறிக்கையில் அந்த எண்ணை எழுதுங்கள்.